பெயரற்றவனுக்கு முகம் தந்தவர்: போரிஸ் கார்லாஃப்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. வாழ்க்கையில் அது பலமுறை மெய்யாகலாம். ஆனால் திரைப்படக் கலை அப்பழமொழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது. தீயவனைக் காட்ட வேண்டுமாயின் அவன் முகத்தை விகாரமாக்க வேண்டும் என்றும், விகாரமாக்க எளிய வழி அவனை வேற்று நிறத்தவனாகவும் வேற்று நாட்டவனாகவும் வேற்றுச் சமயத்தவனாகவும் காட்டுவதே என்றும் ஒரு வழக்கம் ஏற்பட்டது. மேலை நாட்டுத் திகில் படங்களில் அவ்வழக்கம் தொடக்கத்திலேயே வேரூன்றியது. அவ்வழக்கத்தின் நடுவில் நின்று, அது கேட்ட முகங்களையெல்லாம் அணிந்து, அம்முகங்களுள் ஒன்றில் மட்டும் மனித இரக்கத்தை அழியாமல் பொறித்துச் சென்ற நடிகர் போரிஸ் கார்லாஃப். உலகம் அவரை ஆங்கிலேயர் என்றே அறிந்திருந்தது. அவர் குருதியில் இந்தியாவும் கலந்திருந்தது என்பதைப் பலர் அறியார்.

அச்சம் பிறந்த திரை

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிலேதான் திகில் படம் ஒரு கலை வடிவமாக உருப்பெற்றது. 1920ஆம் ஆண்டு 'டாக்டர் காலிகாரி'யும் 'கோலெம்' என்ற படமும் வெளிவந்தன. பிராகு நகர யூத மக்களைக் காப்பதற்காக ஒரு ரப்பி களிமண்ணால் ஓர் உருவத்தைச் சமைத்து உயிரூட்டுவது கோலெமின் கதை. 1921இல் 'இந்தியக் கல்லறை' வந்தது. பெர்லின் நகருக்கு அருகே இந்திய அரண்மனையும் கோயிலும் எழுப்பப்பட்டன. பழிவாங்கும் இந்திய மன்னனாக கான்ராட் வைட் என்ற ஜெர்மானியர் நடித்தார். யோகியாகவும் ஒரு ஜெர்மானியரே நடித்தார். 1922இல் வந்த 'நாஸ்ஃபெராட்டு' படத்தில், கிழக்கு மலைகளிலிருந்து எலிகளோடும் கொள்ளைநோயோடும் ஒரு பிரபு மேற்கு நோக்கி வருகிறான். அவனுடைய வளைந்த மூக்கும் நீண்ட நகமும் அக்காலத்தில் யூதரை இழிவுபடுத்தி வரையப்பட்ட கேலிச் சித்திரங்களை நினைவூட்டுகின்றன என்று பிற்கால ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர்.

இப்படங்களின் கலைத்திறத்தை எவரும் மறுக்க இயலாது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அச்சம் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வந்தது. அந்தக் கிழக்கைத் திரையில் காட்டியோரோ மேற்கத்தியர். இந்தியன் இல்லாமலே இந்தியாவும், எகிப்தியன் இல்லாமலே எகிப்தும் திரையில் எழுந்தன. இக்கலைஞருள் பலர் பின்னர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு அவர்தம் ஒளியும் நிழலும் மட்டுமன்றி, அச்சத்தைப் பற்றிய அந்த எண்ணமும் கடல் கடந்தது. கார்லாஃப் புகழ்பெற்றது அந்தக் களத்தில்தான்.

குடிவழி

1887ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இலண்டன் மாநகரின் தென்பகுதியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வில்லியம் ஹென்றி பிராட். மக்கள் ஒன்பதின்மரில் அவரே கடைக்குட்டி. தந்தை எட்வர்டு ஜான் பிராட் ஆங்கிலோ இந்தியர். இந்தியாவில் ஆங்கில அரசின் உப்பு வரித் துறையில் பணியாற்றியவர். எந்த உப்பு வரியை எதிர்த்து 1930இல் இராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்திற்குத் தொண்டர் படை நடந்ததோ, விருதுநகர் ஈன்ற காமராசர் எந்தப் போரில் சிறை புகுந்தாரோ, அந்த வரியைத் தண்டிய துறையே இக்குடும்பத்திற்குச் சோறிட்டது. காமராசர் காந்தி–இர்வின் உடன்பாட்டை அடுத்து 1931இல் விடுதலையானார். அதே ஆண்டில்தான் உப்புத் துறை அலுவலரின் கடைசி மகனும் உலகப் புகழ் பெற்றார். வரலாற்றில் இத்தகைய தற்செயல்கள் நிகழ்வதுண்டு.

தாய்வழியிலும் இந்தியத் தொடர்பு உண்டு. தாயைப் பெற்ற பாட்டியின் தங்கை அன்னா லியோனோவென்ஸ் என்னும் அம்மையார். சயாம் மன்னரின் மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்து, அதனை நூலாக எழுதிப் பெயர் பெற்றவர். பின்னாளில் மேடை நாடகமாகவும் திரைப்படமாகவும் வலம் வந்தது அவருடைய கதையே. தாம் வேல்ஸ் நாட்டில் பிறந்ததாக அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் 1831இல் பிறந்தது நம் நாட்டு அகமதுநகரில் என்பதும், அவருடைய தாய் கலப்பு வழியினராக இருந்திருக்கக்கூடும் என்பதும் பிற்கால ஆய்வில் வெளிப்பட்டன. பிறந்த மண்ணை மறைத்தால்தான் மதிப்போடு வாழ முடியும் என்று ஓர் அறிவார்ந்த பெண்மணி எண்ணியிருப்பின், அக்குற்றத்தை அவர்மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. நிறத்தை வைத்து மனிதரை நிறுத்த காலத்தின் குற்றம் அது.

வில்லியத்தின் இளமை துயரில் தோய்ந்தது. தந்தை குடும்பத்தைப் பிரிந்தார். தாய் விரைவில் மறைந்தார். மூத்தோர் அவரை வளர்த்தனர். அண்ணன்மார் அரசுப் பணிகளில் அமர்ந்தனர். அவர்களுள் சர் ஜான் பிராட் சீனாவில் தூதரகப் பணியாற்றிப் புகழ் பெற்றவர். கடைக்குட்டியும் அவ்வழியே செல்ல வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். ஆனால் அவர் மனமோ நாடகத்தை நாடியது. பேச்சில் திக்கலும் மழலையும் இருந்தன. கால்கள் சற்றே வளைந்திருந்தன. நிறம் மற்ற ஆங்கிலச் சிறுவரினும் கருத்திருந்தது. இவ்வளவு குறைகளாக உலகம் கருதியவற்றோடு ஒருவர் மேடையேற விரும்பியது துணிவன்றி வேறில்லை.

பெயர் மாற்றமும் பிழைப்பும்

1909இல் அவர் கனடாவுக்குக் கப்பலேறினார். பண்ணைக் கூலியாகவும் மண்வெட்டும் தொழிலாளியாகவும் உழைத்தார். பின்னர் ஊர்ஊராகச் செல்லும் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்போதுதான் போரிஸ் கார்லாஃப் என்று பெயர் சூட்டிக்கொண்டார். கார்லாஃப் என்பது தம் முன்னோர் வழிப் பெயர் என்று அவர் கூறிவந்தார். அதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை என்று அவருடைய மகள் பின்னாளில் தெரிவித்தார். உருசியப் பெயர் ஒன்று அவருடைய மாநிறத்திற்குப் பொருத்தமான விளக்கமாயிற்று. இந்தியப் பாட்டியைப் பற்றி எவரும் கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

ஹாலிவுட் அவருக்கு அளித்த வேடங்களைப் பார்த்தால் அக்கால மனப்போக்கு விளங்கும். 1920இல் செவ்விந்தியர் கூட்டத்தில் ஒருவர். 1921இல் கிப்ளிங்கின் கதையைத் தழுவிய படத்தில் அகமது கான். 1922இல் ஓர் இந்திய மகாராசா. அதே ஆண்டில் உமர் கய்யாமைப் பற்றிய படத்தில் ஓர் இமாம். ஒருவருடைய நிறம் வெள்ளையல்ல என்றால் உலகிலுள்ள வெள்ளையரல்லாத இனங்கள் அனைத்தையும் அவர் நடிக்கலாம் என்பது படநிறுவனங்களின் கணக்கு. எல்லாக் கிழக்கத்தியராகவும் நடித்த அவரால், தம் குடிவழியைத் தம் சொந்தப் பெயரில் மேடையேற்ற முடியவில்லை. படம் கிடைக்காத நாள்களில் சரக்குந்து ஓட்டினார்; கட்டடப் பொருள் மூட்டைகளைச் சுமந்தார். நாற்பது வயது கடந்தும் அவர் பெயர் அறியப்படாத நடிகராகவே இருந்தார்.

1931: பெயரற்ற உரு

ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட புதினம் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. அப்பெயர் அரக்கனுடையது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவனைப் படைத்த அறிவியலாளனுடைய பெயர். படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை. பிணங்களின் உறுப்புகளை ஒட்டி உயிரூட்டப்பட்டவன், படைத்தவனாலேயே கைவிடப்பட்டவன், கண்டோர் அனைவராலும் துரத்தப்பட்டவன். இக்கதையை யுனிவர்சல் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் வேல் என்ற ஆங்கிலேயர் இயக்கினார். டிராகுலாவாக நடித்துப் புகழின் உச்சியில் நின்ற ஹங்கேரிய நடிகர் பேலா லுகோசிக்கு இவ்வேடம் வாய்க்கவில்லை, கார்லாஃபுக்கு வாய்த்தது.

ஜாக் பியர்ஸ் என்னும் ஒப்பனைக் கலைஞர் நாள்தோறும் சுமார் நான்கு மணி நேரம் அம்முகத்தை உருவாக்கினார். காலணி ஒவ்வொன்றும் சுமார் ஆறு கிலோ எடையுடையது. கோடை வெயிலில், தடித்த உடையில், எதிர் நடிகரைத் தோளில் சுமந்து மேட்டில் மீண்டும் மீண்டும் ஏறியதனால் முதுகில் ஏற்பட்ட நோவு அவரை இறுதிவரை விடவில்லை. இவ்வளவுக்கும் படத்தின் தொடக்கத்தில் அவ்வேடத்திற்கு நேரே நடிகர் பெயருக்குப் பதிலாக ஒரு வினாக்குறியே இடப்பட்டது. முதல் காட்சி விழாவுக்கும் அவர் அழைக்கப்படவில்லை.

அவர் பேச்சின்றி நடித்தார்; உறுமலும் கண்ணும் கையுமே அவருடைய மொழி. கூரைச் சாளரம் திறந்து கதிரொளி உள்ளே விழும்போது, அவ்வொளியைப் பிடித்துவிட இரு கைகளையும் உயர்த்தும் காட்சி ஒன்று உண்டு. பிறந்த குழந்தை தாயை நோக்கிக் கை நீட்டுவது போன்றது அது. அடுத்து ஒருவன் எரியும் பந்தத்தை அவன் முகத்தருகே ஆட்டி வதைக்கிறான். ஒளியைத் தேடியவனுக்கு நெருப்பே கிடைக்கிறது. இறுதியில் ஊரார் பந்தங்களோடு திரண்டு, அவன் புகுந்த காற்றாலைக்குத் தீயிடுகின்றனர். 1923இல் தீப்பெட்டித் தொழில் கால்கொண்டது முதல் நெருப்போடு புழங்கி வரும் சிவகாசி வட்டாரத்தார்க்கு இக்காட்சி பிறரினும் ஆழமாக விளங்கும். பிழைப்பும் நெருப்பால்; பேரிழப்பும் நெருப்பால். நெருப்புக்குப் பகையும் நட்பும் இல்லை. அதை ஏந்தும் கையின் நோக்கமே அதன் குணமாகிறது.

இப்படத்தில் இன்னொரு காட்சியின் கதை படிப்பினை தருவது. ஏரிக்கரையில் ஒரு சிறுமி அச்சமின்றி அவனுக்குப் பூக்களைத் தருகிறாள். இருவரும் பூக்களை நீரில் மிதக்க விடுகின்றனர். பூக்கள் தீர்ந்ததும், அவளும் பூவைப் போல் மிதப்பாள் என்று எண்ணி அவளை நீரில் எறிந்துவிடுகிறான். அவள் மூழ்கியதும் பதறி ஓடுகிறான். தணிக்கையாளர் பலர் இக்காட்சியின் பிற்பகுதியை வெட்டினர். சிறுமியை நோக்கி அவன் கை நீள்வதும், அடுத்து அவளுடைய தந்தை அவள் உடலை ஏந்தி வருவதுமே எஞ்சின. அறியாமையால் நிகழ்ந்த துயரம், கத்தரிக்கோல் பட்டதும் கொடுஞ்செயலாயிற்று. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அப்பகுதி மீண்டும் சேர்க்கப்பட்டது. ஒரு மனிதனைப் பற்றியோ ஓர் இனத்தைப் பற்றியோ பாதியை மட்டும் காட்டுவது எத்தகைய பொய் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

படம் வெளிவந்தபின் குழந்தைகள் பலர் கார்லாஃபுக்கு மடல் எழுதினர். அவர்கள் அந்த உருவைக் கண்டு அஞ்சவில்லை, அதன்மீது இரங்கினர். அதுவே தமக்குக் கிடைத்த பெரும் பாராட்டு என அவர் கருதினார். 1935இல் வந்த இரண்டாம் பகுதியில், காட்டுக் குடிசையில் வாழும் பார்வையற்ற முதியவர் ஒருவர் அவனை விருந்தினனாக ஏற்கிறார், உணவளிக்கிறார், சொற்களைக் கற்பிக்கிறார், நெருப்பிலும் நல்லதுண்டு என்று உணர்த்துகிறார். பார்வையுடையோர் இருவர் வந்த பிறகே அக்குடிசை எரிகிறது.

அணிந்த பிற முகங்கள்

எல்லாப் படங்களிலும் அவரால் இதனைச் செய்ய இயலவில்லை என்பதையும் கூறுவதே நேர்மை. 1932இல் 'ஃபூ மான்சூ' என்ற சீனக் கொடியவனாக நடித்தார். வெள்ளையரை அழிக்கத் துடிக்கும் கிழக்கத்தியன் என்ற அப்பாத்திரம் இன வெறுப்பின் வடிவம் என்று இன்று பரவலாகக் கண்டிக்கப்படுகிறது. அதே ஆண்டில் 'மம்மி' வெளிவந்தது. கோலெம் படத்தின் ஒளிப்பதிவாளரான கார்ல் ஃபிராயுண்டு இயக்கியது. 1922இல் துத்தன்காமனின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதனால் எழுந்த பரபரப்பே அதன் வித்து. கல்லறையைத் தோண்டிப் பொருளை எடுத்துச் சென்றோர் ஐரோப்பியர். திரையிலோ எகிப்தியனே கொடியவன் ஆனான். எனினும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தன் காதலைச் சுமந்து வந்தவனின் களைப்பைக் கார்லாஃபின் கண்கள் காட்டின.

1933இல், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவர் இலண்டன் திரும்பி 'தி கூல்' என்னும் பிரிட்டிஷ் திகில் படத்தில் நடித்தார். இப்படம் நெடுங்காலம் மறைந்துபோய், பின்னர் செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு படி கிடைத்தது. அதிலும் எகிப்திய ஆகாவாக நடித்தவர் ஓர் ஆங்கிலேயரே. பேய் வேடம் தரித்துப் பிழைக்கும் தம்பியை அரசுப் பணியிலிருந்த அண்ணன்மார் எவ்வாறு ஏற்பரோ என்று கார்லாஃப் தயங்கினாராம். அவர்களோ செய்தியாளர் நிழற்படம் எடுக்க வந்தபோது, யார் எங்கு நிற்பது என்று தமக்குள் போட்டியிட்டனராம். பிரிந்த குடும்பத்தின் கதவை அவர் உழைப்பே திறந்தது.

தொழிலாளர் தோழர்

ஃபிராங்கன்ஸ்டைன் படப்பிடிப்பில் ஒருமுறை இடைவிடாது 25 மணி நேரம் அவர் உழைக்க நேர்ந்தது என்பர். அக்காலத்தில் நடிகர்க்கு வேலை நேர வரம்பில்லை. உணவு இடைவேளைக்கும் உறுதியில்லை. 1933இல் படநிறுவனங்கள் ஊதியத்தைக் குறைத்தபோது நடிகர் சிலர் கூடித் திரை நடிகர் சங்கத்தைத் தொடங்கினர். நிறுவனங்களின் சினத்திற்கு அஞ்சிக் கமுக்கமாகக் கூடிய அத்தொடக்க உறுப்பினருள் கார்லாஃபும் ஒருவர். அவருடைய உறுப்பினர் எண் 9. உச்சப் புகழில் இருந்தவர்க்கு இழப்பதற்கு நிறைய இருந்தது. எனினும் துணை நடிகர்க்காகவும் அவர் முன்னின்றார்; பல ஆண்டுகள் அச்சங்கத்தில் பொறுப்பு வகித்தார். மூட்டை சுமந்த நாள்களை அவர் மறந்துவிடவில்லை. நச்சுப்புகையிலும் மருந்துத் தூளிலும் உழைக்கும் மக்கள் நிறைந்த நம் பகுதியினர், அவருடைய திரை வேடங்களினும் இச்செயலையே பெரிதாகப் போற்றுவர்.

மாலைக் காலம்

பின்னாளில் அவர் நாடக மேடையிலும் வெற்றி கண்டார். குழந்தைகளுக்குக் கதை சொல்லும் இசைத்தட்டுகள் பலவற்றில் அவர் குரல் ஒலித்தது. பம்பாயில் பிறந்த கிப்ளிங்கின் விலங்குக் கதைகளும் அவற்றுள் அடங்கும். 1966இல் 'கிரிஞ்சு' என்ற கிறிஸ்துமசுக் கதைக்கு அவர் அளித்த குரல், குழந்தைகளுக்கான பதிவுக்குரிய கிராமி விருதைப் பெற்றது. அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்தும் பிரிட்டிஷ் குடியுரிமையை அவர் விடவில்லை. 1959இல் இங்கிலாந்துக்கே திரும்பினார். 1963இல் இத்தாலிய இயக்குநர் மாரியோ பாவாவின் முக்கதைத் திகில் படத்தில் நடித்தார். மூச்சுக் கோளாறும் கால் நோவும் வாட்டிய நிலையிலும் 1967இல் இலண்டனில் 'தி சார்சரர்ஸ்' படத்தில் நடித்தார். 1969 பிப்ரவரி 2ஆம் நாள், தம் 81ஆம் வயதில், சசெக்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியது

நம் தமிழ்த் திரையிலும் கொடியவராக நடித்த நல்லோர் பலருண்டு. எம். என். நம்பியாரைத் திரையில் வெறுத்த மக்களே அவருடைய ஒழுக்கத்தையும் பக்தியையும் வியந்து பேசினர். நடிகரையும் வேடத்தையும் பிரித்தறிய நாம் கற்றுக்கொண்டோம். ஆனால் வேடத்தையும் அவ்வேடம் சுட்டும் மக்களையும் பிரித்தறிய இன்னும் முழுமையாகக் கற்கவில்லை. கொடியவனுக்குக் கருநிறம் பூசுவதும், ஒரு சமூகத்தாரின் உடையையோ பேச்சையோ தொழுகையையோ அச்சத்தின் அடையாளமாக்குவதும் நம் படங்களிலும் நிகழ்ந்துள்ளன. அவற்றைக் கண்டு வளரும் சிறுவன், பக்கத்து வீட்டுக்காரரை முதலில் திரையின் வழியாகவே அறிகிறான். பின்னர் நேரில் அறிய அவனுக்கு வாய்ப்பிருந்தும் மனம் வருவதில்லை.

கார்லாஃபின் வாழ்வு இரண்டு செய்திகளை விட்டுச் செல்கிறது. திரையில் இடம் கிடைப்பது மட்டும் போதாது. அகமது கானாகவும் மகாராசாவாகவும் இமாமாகவும் நடித்தவர் உண்மையிலேயே இந்திய வழியினராக இருந்தும், அக்கதைகளில் இந்தியரைப் பற்றிய உண்மை சேரவில்லை. ஏனெனில் கதையை எழுதிய கை வேறொருவருடையது. இஃது ஒன்று. பிறர் எழுதிய கதைக்குள்ளும், பேசுவதற்கு ஒரு சொல்லும் தரப்படாத வேடத்திற்குள்ளும், இரக்கத்திற்கு இடமுண்டு என்பது மற்றொன்று. நடிகரால் இயன்றதை அவர் செய்தார். கதையைத் தம் கையாலேயே எழுதும் கல்வியும் உரிமையும் இன்றைய மாணவர்க்கு வாய்த்துள்ளன. அவர்கள் எழுதும் கதைகளில், பந்தம் ஏந்திய கூட்டத்தின் பக்கம் நின்று பார்ப்பதா, காற்றாலைக்குள் நிற்பவனின் பக்கம் நின்று பார்ப்பதா என்பதை அவர்களே முடிவு செய்தல் வேண்டும்.